விருந்திலிருந்து உரிமத்திற்கு: ஆனைமலைத் தொடரின் வேட்டைக் குடில்கள்

முன்னுரை

மலைவழி செல்வோர் இரவு தங்கும் இடம் பற்றிய செய்திகள் தமிழிலக்கியத்தில் தொன்றுதொட்டு வருகின்றன. ஆற்றுப்படை நூல்களுள் மலைபடுகடாம் முழுவதும் ஒருவகையில் மலைப்பயணக் கையேடாகவே அமைந்துள்ளது. எவ்வழியில் பாம்பு உறையும், எங்கே பன்றிக்கு வைத்த பொறி இருக்கும், எப்புனத்தில் கவண்கல் பாயும், எக்குடியில் உணவு கிடைக்கும் என்பனவற்றை அந்நூல் நிரல்பட உரைக்கிறது. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேற்குத்தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் தோன்றிய வேட்டைக் குடில் என்னும் அமைப்பு தமிழாய்வில் இதுவரை போதிய கவனம் பெறவில்லை. ஆங்கிலேயத் தோட்டத்துரைமார்களின் பொழுதுபோக்குச் செய்தியாக அது ஒதுக்கப்பட்டது. அல்லது வனவிலங்குப் பாதுகாப்பின் முன்வரலாறாக ஆங்கில நூல்களில் மட்டும் பேசப்பட்டது.

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லையை ஒட்டிய பகுதிகளை, குறிப்பாக இரவிகுளம் மேட்டுநிலத்தையும் பரம்பிக்குளம் காட்டையும், களமாகக் கொண்டு அவ்வமைப்பின் வரலாற்றை ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. மலையில் தங்கும் உரிமையை யார் யாருக்கு வழங்கினர் என்பதே இதன் மைய வினா. இவ்வினாவுக்கு விடை தேடும்போது விலங்கின் வரலாற்றோடு, அவ்விலங்கை அறிந்திருந்த மக்களின் வரலாறும் அவர்தம் மொழியின் வரலாறும் உடன் வெளிப்படுகின்றன.

இலக்கியச் சான்றுகள்: இதணும் குரம்பையும்

சங்க இலக்கியம் காட்டும் மலைநில உறைவிடங்களை இருவகைப்படுத்தலாம். ஒன்று, தொழில் நிமித்தம் அமைக்கப்பெறும் தற்காலிக இருக்கை. தினைப்புனம் காப்போர் மரத்தின்மேல் அமைத்த இதணம் இவ்வகையைச் சாரும். குறிஞ்சிப்பாட்டின் தலைவி ஏறியமர்ந்து கிளி கடிவது இத்தகைய இதணத்தில்தான். மற்றொன்று, குடியாக வாழ்வோர் வேய்ந்த குரம்பை. பெரும்பாணாற்றுப்படை எயினரின் குரம்பையை விவரிக்குமிடத்து, ஈந்தின் இலையால் வேய்ந்த அதன் கூரையை முள்ளம்பன்றியின் முதுகோடு ஒப்பிடுகிறது. வேட்டுவக் குடியின் உறைவிடத்தை இத்துணை நுட்பமாகக் காட்டும் பகுதிகள் அரியன.

இவ்விரு வகையிலும் வேட்டையாடுவோரும் அவ்விடத்தில் உறைவோரும் ஒரே மக்களாக இருத்தல் கருதத்தக்கது. வெளியிலிருந்து வரும் பாணரும் கூத்தரும் அங்கே விருந்தினர். மலைபடுகடாத்தில் பெருங்கௌசிகனார், நன்னனின் மலைநாட்டுக் குடிகளில் தம் சொந்த இல்லத்தில் புகுவதுபோலத் தயங்காது புகலாம் என்று கூத்தருக்கு வழி சொல்கிறார். மலையில் தங்கும் உரிமை அங்கே விருந்தோம்பல் என்னும் அறத்தின் வழியாகக் கிடைக்கிறது. அதனை வழங்குவோர் மலைக்குரியோர்; பெறுவோர் வழிப்போக்கர்.

வரையாட்டைக் குறிக்கும் வருடை என்னும் சொல் குறுந்தொகையிலும் ஐங்குறுநூற்றிலும் குறிஞ்சித்திணைக் கருப்பொருளாக வருகிறது. சிலப்பதிகாரத்தின் காட்சிக் காதையில், பேரியாற்றங்கரையில் தங்கிய சேரன் செங்குட்டுவனுக்கு மலைவாழ் மக்கள் கொணர்ந்த காணிக்கைப் பொருள்களுள் வருடையும் இடம்பெறுகிறது. பெரியாற்றின் நீர்ப்பிடிப்பை ஒட்டிய உயர்மலைகளில்தான் இன்றும் வரையாட்டின் மிகப்பெரிய கூட்டங்கள் வாழ்கின்றன என்பதை நோக்க, அக்காதையின் பட்டியல் வெறும் வருணனையன்று; நிலவியல் உண்மையோடு பொருந்துவது என்று கொள்ள இடமுண்டு. மேலும் வருடையை அரசன் தானே சென்று பிடிக்கவில்லை. மலைமக்கள் கொணர்ந்து தந்தனர் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

அளவையாளர் வருகையும் முதல் ஏற்றமும்

உயர்மலைப் பகுதி காலனிய ஆவணங்களில் விரிவாக இடம்பெறத் தொடங்கியது திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் நில அளவையோடு ஆகும். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இரு படை அதிகாரிகள் இப்பணியை மேற்கொண்டனர். அவர்தம் குழு மூன்று ஆறுகள் கூடும் இடத்தை அடைந்து தங்கியது. அவ்விடமே பின்னர் மூணாறு என வழங்கலாயிற்று. அளவையாளருக்குத் தேவைப்பட்டது கூடாரம் மட்டுமே. அவர்கள் தங்கினர்; அளந்தனர்; சென்றனர்.

அடுத்த கட்டம் வேட்டையோடு தொடர்புடையது. சென்னைப் படையைச் சேர்ந்த டக்ளஸ் ஹாமில்டன் ஆனைமலை, பழனிமலை, நீலகிரி ஆகியவற்றில் பல ஆண்டுகள் சுற்றி வேட்டையாடியவர். அவருடைய குறிப்புகள் 1892இல் நூலாக வெளிவந்தன. 1862இல் அவர் ஆனைமுடியின் உச்சியை அடைந்தார். 2,695 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்தின் பதிவு செய்யப்பட்ட முதல் ஏற்றம் இதுவே என்று நூல்கள் கூறுகின்றன. இத்தொடரில் ‘பதிவு செய்யப்பட்ட’ என்னும் அடைமொழி ஆய்வுக்குரியது. சிகரத்துக்கு ஆனைமுடி என்னும் தமிழ்ப்பெயர் அதற்கு முன்பே இருந்தது. பெயரிட்டவர்கள் அம்மலையை அறிந்தவர்களாகவே இருந்திருத்தல் வேண்டும். எனவே 1862 என்பது ஏற்றத்தின் தொடக்கமன்று, எழுத்தின் தொடக்கமே எனல் பொருந்தும்.

1877இல் ஜே.டி. மன்றோ, பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்புள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். 1879இல் வட திருவிதாங்கூர் நிலத்தோட்ட வேளாண்மைச் சங்கம் உருவாயிற்று. 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் தோன்றி, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபின்லே குழுமத்தின் மேலாண்மையில் வந்தது. கண்ணன் தேவன் என்பது மறையூர்ப் பக்கத்து ஊர்த்தலைவர் ஒருவரின் பெயர் என்பது வாய்மொழி மரபு. அது வரலாற்றாவணத்தால் உறுதிப்படாவிடினும், மறையூர், காந்தளூர் உள்ளிட்ட அஞ்சுநாட்டுத் தமிழ்க்குடிகள் தேயிலைக்கு முன்பே அங்கு நிலைபெற்றிருந்தமைக்குப் பெயரளவிலேனும் சான்றாக நிற்கிறது.

இரவிகுளம்: குடில் தோன்றிய காரணம்

தோட்டங்கள் பள்ளத்தாக்குகளில் விரிந்தன. உறைபனியும் கடுங்காற்றும் நிலவும் உச்சிப் புல்வெளிகள் தேயிலைக்கு ஏற்றனவாக இல்லை. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இரவிகுளம் மேட்டுநிலம் இவ்வாறு தப்பியது. 1895 முதல் அது வேட்டைக்காப்பு நிலமாக ஒதுக்கப்பட்டது. 1928இல் உயர்மலை வேட்டைக்காப்புச் சங்கம் அமைக்கப்பெற்று, அதன் மேற்பார்வையைத் தோட்டத்துரைமார்களே ஏற்றனர்.

குடில் ஏன் தேவைப்பட்டது என்னும் வினாவுக்கு விலங்கின் இயல்பிலேயே விடை உள்ளது. வரையாடு விடியற்காலையிலும் அந்தியிலும் புல்வெளியில் மேயும்; வெயில் ஏறும்போது பாறைச்சரிவுகளுக்கு ஒதுங்கும்; ஆபத்து வரின் மனிதர் அடிவைக்க இயலாத செங்குத்து வரைகளில் இறங்கிவிடும். பகலில் மூடுபனி சூழ்ந்தால் சில கோல் தொலைவுக்கு அப்பால் எதுவும் புலப்படாது. பள்ளத்தாக்கின் பங்களாவிலிருந்து காலையில் புறப்படும் ஒருவர் மேட்டுநிலத்தை அடைவதற்குள் அன்றைய வேட்டைப்பொழுது கழிந்துவிடும். எனவே மேலேயே இரவு தங்கி, வைகறையில் எழுந்து, காற்றின் திசையறிந்து நடக்க வேண்டியிருந்தது. சுவரும் கூரையும் அடுப்பும் கொண்ட சிறு குடிலுக்கான தேவை இவ்வாறு எழுந்தது. அதன் அருகே நீர் வேண்டும். விறகுக்குச் சோலை வேண்டும். காற்றைத் தடுக்க மேட்டின் மறைவு வேண்டும். இரவிகுளம் மேட்டுநிலத்தில் சங்கத்தாரின் குடில் இத்தேவைகளுக்காகவே நிலைபெற்றது.

இவ்வமைப்பின் மாதிரி ஐரோப்பாவிலிருந்து வந்தது. சுவிட்சர்லாந்தின் மலையேற்றக் கழகம் 1863இல் தோன்றிய ஆண்டிலேயே தன் முதற் குடிலைக் கட்டியது. அது மலையேறுவோருக்கானது. ஸ்காட்லாந்து மேட்டுநிலத்தில் மான்வேட்டைக் காடுகளின் காவலர் தங்கிய கற்குடில்கள் வேறொரு மரபைச் சேர்ந்தவை. அங்கே குடியானவர்கள் வெளியேற்றப்பட்ட நிலங்கள் பல முதலில் ஆட்டுப் பண்ணைகளாகவும், பின்னர்ச் செல்வர்களின் மான்வேட்டைக் காடுகளாகவும் மாறின. மூணாற்றுத் தோட்டத்துரைமார்களுள் ஸ்காட்லாந்தியர் மிகுதி. வேட்டைக்குரிய நிலம், அதற்குரிய விதிகள், வழிகாட்டும் ஏவலர், தொலைதூரக் குடில் என்னும் நான்கும் அவர்களுக்குப் பழகிய ஒழுங்குகள். அவ்வொழுங்கே கடல்கடந்து இரவிகுளத்தில் ஊன்றப்பட்டது எனலாம்.

விதிகளும் அவற்றின் விளைவும்

இத்தகைய ஒழுங்குக்குச் சட்ட வடிவம் முதலில் நீலகிரியில் கிடைத்தது. 1879ஆம் ஆண்டின் நீலகிரி வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வேட்டையாடாப் பருவத்தை வரையறுக்கவும் உரிமம் பெறுதலைக் கட்டாயமாக்கவும் வழிசெய்தது. அதனை நடைமுறைப்படுத்துவதில் நீலகிரி வேட்டைச் சங்கம் முன்னின்றது. பெண் வரையாட்டையும் குட்டியையும் சுடலாகாது, முதிர்ந்து முதுகில் வெளிறிய சேணம் போன்ற நிறம் பெற்ற ஆணையே சுடலாம் என்னும் வேட்டைநெறி அங்கும் உயர்மலையிலும் போற்றப்பட்டது. அதற்கு முந்தைய பல்லாண்டுகளில் நீலகிரியின் வரையாடுகள் கட்டுப்பாடற்ற துப்பாக்கி வேட்டையால் பெரிதும் குறைந்திருந்தன. விதிகள் தோன்றியமைக்கு அக்குறைவே காரணம்.

இவ்விதிகளின் பயனை மறுத்தல் நேர்மையாகாது. இரவிகுளத்தில் புல்வெளி உழப்படவில்லை, சோலை வெட்டப்படவில்லை, முதிர்ந்த புல் பகுதி பகுதியாக முறைவைத்து எரிக்கப்பட்டது, காவலர் நாள்தோறும் சுற்றி வந்தனர். 1969இல் ஜார்ஜ் ஷாலர் என்னும் அமெரிக்க விலங்கியலாளர் வரையாட்டை ஆராய வந்தபோது, அவ்விலங்கின் வலுவான கூட்டங்கள் அங்கே எஞ்சியிருந்தன. நீலகிரியைச் சேர்ந்த வழக்கறிஞர் இ.ஆர்.சி. தாவீதார் 1975இல் மலைத்தொடர் முழுவதும் நடத்திய கணக்கெடுப்பு, வரையாடுகளின் எண்ணிக்கை 2,200 அளவில் இருக்கலாம் எனக் காட்டியது. அவற்றுள் பெருந்தொகுதி இரவிகுளத்தில் இருந்தது. ஆக, வேட்டைக்காகக் காக்கப்பட்ட நிலமே வரையாட்டின் தலையாய புகலிடமாக அமைந்தது என்பது வரலாற்று உண்மை.

எனினும் இவ்வுண்மை பாதியே. மறுபாதி, அதே விதிகள் யாரை வெளியே நிறுத்தின என்பதாகும். உரிமம் பெற்றவன் செய்வது வேட்டை. உரிமம் இல்லாதவன் செய்வது களவு வேட்டை என்னும் பாகுபாடு சட்டத்தின் வழியாக மலைக்குள் நுழைந்தது. எயினரும் குறவரும் வாழ்வுக்காகச் செய்த தொழிலுக்குச் சங்க இலக்கியம் பயன்படுத்திய அதே வேட்டை என்னும் சொல், அவர்தம் வழித்தோன்றல்களைப் போன்ற மலைக்குடிகளிடமிருந்து பறிக்கப்பட்டுத் துரைமாருக்கு உரித்தாக்கப்பட்டது. சமவெளியிலிருந்து கங்காணிகளால் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளருக்கோ அம்மேட்டுநிலம் முற்றிலும் அடைபட்ட உலகமாயிற்று. மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்து வந்து கொழுந்து பறித்தவர்களுக்கு, தாம் வாழ்ந்த வரிசைவீடுகளின் மேல் எழுந்த மலை பார்வைக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

குடிலின் பின்கட்டு: முதுவர்

குடில் என்பது முன்கட்டு, பின்கட்டு என இருபகுதி உடையதாகக் கருதத்தக்கது. முன்கட்டில் துப்பாக்கியும் நாற்காலியும் நாட்குறிப்பும் இருந்தன. பின்கட்டில் அடுப்பும் சுமையும் வழியறிவும் இருந்தன. ஆவணங்கள் முன்கட்டில் எழுதப்பட்டவை. பின்கட்டில் இருந்தோர் முதுவர்.

மதுரையிலிருந்து மீனாட்சியம்மன் திருவுருவையும் குழந்தைகளையும் முதுகில் சுமந்து மலையேறியவர்கள் தாங்கள் என்பது முதுவரின் மரபுக்கதை. அவர்தம் பேச்சு தமிழோடு நெருங்கிய உறவுடையது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூலில் முதுவர் பற்றிய பகுதிக்கு, உயர்மலைத் தோட்டத்துரை ஏ.எஃப். மார்ட்டின் தந்த குறிப்புகள் முதன்மைச் சான்றாயின. முதுவர் குடிகளில் மணமாகாத இளைஞர் தனியே உறங்கும் பொதுக்குடில் உண்டு என்பது அறியப்பட்ட செய்தி. சாவடி என வழங்கும் அக்குடில், வெளியிலிருந்து வரும் ஆண் விருந்தினரும் தங்குமிடமாகும். மலைபடுகடாம் காட்டும் விருந்தோம்பல் மரபின் தொடர்ச்சி அச்சாவடியில் காணக்கிடக்கிறது என்று கூறுவது மிகையாகாது.

இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. வேட்டைக் குடில் எழுவதற்கு முன்பே அம்மலைகளில் தங்குமிடம் இருந்தது. அங்கே தங்க உரிமமோ கட்டணமோ வேண்டியதில்லை. புதிய குடிலில் அதே முதுவர் வழிகாட்டியாகவும் காவலராகவும் சுமையாளாகவும் நின்றனர். வரையாடு எச்சரிவில் ஒதுங்கும், எந்நாளில் மழை கவியும், யானைத்தடம் எவ்வழி செல்லும் என்பன அவர்கள் அறிந்தவை. புல்வெளியை எப்பொழுது எரித்தால் அது சோலைக்குள் பரவாது என்பதும் அவர்கள் கைக்கொண்ட நுட்பம். விதி சங்கத்தாருடையது, அவ்விதியைச் செயலாக்கிய அறிவு முதுவருடையது.

இடப்பெயர்கள் இதனை உறுதிசெய்கின்றன. மேட்டுநிலத்தை ஊடறுக்கும் பள்ளத்தாக்கு, மன்றோவின் காலத்துத் தோட்டத்துரையான டர்னரின் பெயரால் வழங்குகிறது. அதனைச் சூழ்ந்த மலைகளோ ஆனைமுடி, குமரிக்கல், நாய்க்கொல்லிமலை என்று தமிழ்ப்பெயர் தாங்கி நிற்கின்றன. நாய்க்கொல்லி என்னும் பெயர் வேட்டைநாய் மாய்ந்த நிகழ்ச்சியைக் குறித்ததா, வேறு பொருளுடையதா என்பது முதுவர் வாய்மொழியைக் கேட்டே துணியத்தக்கது. துரைமார் பள்ளத்துக்குப் பெயரிட்டனர். முகடுகளுக்கு முன்பே பெயர் இருந்தது.

பரம்பிக்குளமும் வடகரப்பதி எல்லையும்

இரவிகுளத்துக்கு வடமேற்கே, பாலக்காட்டு மாவட்டச் சித்தூர் வட்டத்தில் அமைந்த பரம்பிக்குளம் காடு வேறொரு நிலையைக் காட்டுகிறது. அதே வட்டத்தில் தமிழ் பேசுவோர் பெருகிய வடகரப்பதி ஊராட்சி, கோயம்புத்தூர் மாவட்ட எல்லையை ஒட்டிய வறண்ட நிலப்பகுதியாகும். பழைய கொச்சி நாட்டின் பகுதியான சித்தூர், நாட்டின் பிற பகுதிகளிலிருந்து மலபாரால் பிரிக்கப்பட்டுக் கிடந்தது. பரம்பிக்குளத்துக்கு வாகனச்சாலை இன்றும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழக நிலத்தின் ஊடேதான் செல்கிறது. வடகரப்பதியைச் சேர்ந்த ஒருவர் தம் வட்டத்திலேயே உள்ள காட்டைக் காண மாநில எல்லையை இருமுறை கடக்க வேண்டியுள்ளது.

இங்கே தங்குமிடங்கள் வேட்டைக்காக அன்று, மரத்துக்காக எழுந்தன. கொச்சி அரசு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை வனத் தண்டவாளப் பாதை அமைத்துத் தேக்கையும் ஈட்டியையும் கீழே இறக்கியது. அப்பாதையை ஒட்டி வன அலுவலர் ஆய்வுக்கு வந்து தங்கும் மாளிகைகள் தோன்றின. அருகிலுள்ள ஆனைமலையில் ஹ்யூகோ வுட் என்னும் வன அலுவலர் தேக்குக் காட்டை மீட்டுருவாக்கி, டாப்சிலிப்பில் அடக்கமானார். 1933இல் பறவையியலாளர் சாலிம் அலி திருவிதாங்கூர், கொச்சிப் பறவைக் கணக்கெடுப்பின்போது பரம்பிக்குளத்தை அடுத்த குரியார்குட்டியில் தங்கி ஆராய்ந்தார். துப்பாக்கியோடு வந்த அளவுக்குக் குறிப்பேட்டோடும் மனிதர் வந்து தங்கிய இடங்கள் இவை.

பின்னர்ப் பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் அணைகள் எழுந்து பழைய காட்டின் பெரும்பரப்பை நீரில் ஆழ்த்தின. 1970இல் கையெழுத்தான இருமாநில உடன்பாடு அந்நீரைப் பங்கிட்டது. சித்தூரின் உழவர் அந்நீரின் முறைவைப்பை ஆண்டுதோறும் எதிர்நோக்குகின்றனர். ஆகவே வடகரப்பதிப் பகுதியினருக்கு அம்மலை பொழுதுபோக்குக்குரிய காடன்று, வாழ்வுக்குரிய நீரின் ஊற்று. 2010இல் பரம்பிக்குளம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. தூணக்கடவில் மரத்தின்மேல் அமைந்த குடிலில் இன்று சுற்றுலாப் பயணியர் முன்பதிவு செய்து தங்குகின்றனர். இதணத்தின் வடிவம் மீண்டும் வந்துள்ளது. அதில் அமர்வோர் மாறியுள்ளனர். காடர், மலசர், முதுவர் ஆகிய குடியினர் அங்கே வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் பணிபுரிகின்றனர்.

வேட்டை ஓய்ந்தபின்

1971இல் கேரள அரசு கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டெடுக்கும் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு நடுவணரசின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மீட்கப்பட்ட நிலம் பயிர்த்தொழிலுக்குப் பங்கிடப்படலாம் என்னும் நிலையில், இரவிகுளத்தை விலங்குக்கே விட்டுவைக்குமாறு முன்னாள் வேட்டைச் சங்கத்தார் வற்புறுத்தினர். 1975இல் அது சரணாலயமாகவும் 1978இல் 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. வேட்டையாடியோரின் குடில்கள் வனக்காவலருக்கும் ஆய்வாளருக்கும் உரியனவாயின. ஸ்காட்லாந்திலும் இதற்கிணையான மாற்றம் நிகழ்ந்தது. கைவிடப்பட்ட மலைக்குடில்களைச் செப்பனிட்டு, நடைப்பயணியர் எவரும் கட்டணமின்றித் தங்குமாறு திறந்துவைக்கும் தன்னார்வக் கழகம் அங்கே 1965இல் தோன்றியது. அங்கே குடில் பொதுவாயிற்று. இங்கே குடில் அரசுடைமையாயிற்று. விலங்கின் நலன் கருதின் இரவிகுளத்தின் உள்நிலம் அடைபட்டிருத்தல் சரியே என்பதில் ஐயமில்லை. பொதுமக்கள் இராஜமலைப் பகுதியில் மட்டும் அனுமதிக்கப்படுகின்றனர். வரையாடு குட்டியீனும் பருவத்தில் அதுவும் மூடப்படுகிறது.

மலைநடை இன்று பெருகியுள்ளது. அதன் இடரும் பெருகியுள்ளது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலைநடைக்குச் சென்றோர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காய்ந்த புல் எப்பொழுது எரியும், தீ எத்திசையில் ஏறும், எவ்வழி இறங்க வேண்டும் என்பன மலைக்குடிகள் தலைமுறையாகச் சேர்த்த அறிவு. அவ்வறிவு உடன் செல்லாத நடை எத்துணை ஆபத்தானது என்பதை அந்நிகழ்வு உணர்த்திற்று. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 வழித்தடங்களில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் மலையையும் காட்டையும் சார்ந்த ஊர்களின் இளைஞர்கள் பயிற்சி பெற்ற வழிகாட்டிகளாக அமர்த்தப்பட்டமை வரவேற்கத்தக்கது. ஆயினும் வழிகாட்டி என்னும் பணிப்பெயரோடு அவர்தம் அறிவு நின்றுவிடுமானால், பழைய குடிலின் பின்கட்டே புதிய சீருடையில் தொடர்வதாக முடியும்.

வரையாட்டைப் பொறுத்தவரை செய்தி நன்று. தமிழக அரசு தன் மாநில விலங்கான வரையாட்டுக்கெனத் தனித் திட்டம் வகுத்து, தாவீதார் நினைவாக அக்டோபர் 7ஆம் நாளை வரையாடு நாளாகக் கொண்டாடுகிறது. 2025இல் இரு மாநிலங்களும் ஒருங்கே நடத்திய கணக்கெடுப்பில் கேரளத்தில் 1,365, தமிழகத்தில் 1,303 என மொத்தம் 2,668 வரையாடுகள் கண்டறியப்பட்டன. இந்த எண்ணிக்கையின் பின்னே சங்கத்தாரின் விதியும் உண்டு. அறிவியலாரின் உழைப்பும் உண்டு. பெயர் பொறிக்கப்படாத முதுவர் காவலரின் நடையும் உண்டு. முன்னிரண்டுக்கும் நூல்கள் உள்ளன. மூன்றாவதற்கு இல்லை.

முடிவுரை

மலையில் தங்கும் உரிமை மூன்று நிலைகளைக் கடந்து வந்துள்ளமை இதுகாறும் கண்டவற்றால் விளங்கும். முதலில் அது மலைக்குடிகள் வழங்கிய விருந்து. அடுத்து, சங்கத்தார் வழங்கிய உரிமம். இன்று, அரசு வழங்கும் முன்பதிவு. வழங்குவோர் மாறியபோதெல்லாம் மலைக்குடிகள் மலையிலேயே இருந்தனர். ஆனால் விருந்தளிப்போர் என்னும் நிலையிலிருந்து ஏவலர் என்னும் நிலைக்கு இறக்கப்பட்டனர். வேட்டைக் குடிலின் வரலாற்றைப் பாதுகாப்பின் வெற்றிக்கதையாக மட்டும் எழுதுவது இவ்விறக்கத்தை மறைக்கும். அதனைக் காலனியச் சுரண்டலாக மட்டும் எழுதுவது, வரையாடு பிழைத்தமைக்கான காரணத்தை மறைக்கும். இரண்டையும் ஒருசேர எழுதுதலே வரலாற்றாசிரியரின் கடன்.

இதில் தமிழாய்வுத் துறைகளுக்கு உடனடியாகச் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. வேட்டை ஓய்ந்த 1970களின் தொடக்கத்தில் இருபது வயதினராயிருந்து குடிலில் பணியாற்றிய முதுவர் எவரேனும் இருப்பின், அவர்கள் இன்று எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்கள் அறிந்த மலைப்பெயர், புல்லின் பெயர், காற்றின் பெயர், விலங்கின் வயதுநிலைப் பெயர் ஆகியவை தமிழின் சொல்வளத்தைச் சார்ந்தவை. வருடை என்னும் சொல்லை உரைகளிலும் அகராதிகளிலும் தேடும் நாம், அதற்கு இன்றைய முதுவர் வழங்கும் சொற்கள் எவை, அவை எத்தனை என்று அவர்களிடமே கேட்டறிய வேண்டும். 2010இல் முதுவருக்கென இடமலைக்குடி தனி ஊராட்சியாக அமைக்கப்பட்டது. அத்தகைய ஊராட்சிகளோடு இணைந்து, அவர்தம் ஒப்புதலோடும் பெயரோடும் இவ்வாய்மொழிச் சான்றுகளைத் தொகுத்தல் வேண்டும். கேரளத் தமிழ்த்துறைகளும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் இதனைக் கூட்டுப்பணியாக மேற்கொள்ளலாம். தொகுப்பாளரைவிடச் சொன்னவரின் பெயர் முன்னே நிற்குமாறு அது வெளிவருதல் தகும்.